காவலும் தேடலும்

அலுவலக ஏடுகளைக் காக்கும் ஷேர்பாயிண்ட் என்னும் மென்பொருளில், தேடற்பகுதி சிற்சில வேளை ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வெறுங்கையுடன் மீளுவதுண்டு. கடவுச்சொல்லிற் பிழையில்லை, உரிமையும் உளது. பின்னர்த் தடை யாது?

ஒரு கணிப்பொறி தன் இயற்பெயரன்றி வேறொரு பெயரால் தன்னையே அழைப்பின், அதனை ஐயுற்று மறுக்கும் காவலொன்று 2005-ஆம் ஆண்டில் விண்டோஸ் சர்வர் 2003-இன் முதலாம் சர்வீஸ் பாக்கில் அமைக்கப்பெற்றது. அடையாளச் சான்றை எதிரொலிபோல் திருப்பியனுப்பி உட்புகும் வஞ்சகரைத் தடுப்பதே அதன் நோக்கம். தேடுபொறியும் தேடப்படும் தளமும் ஒரே சர்வரில் இருப்பின், அக்காவல் வீட்டாரையும் மறிக்கின்றது.

இதனையறியாதார் காவலையே அடியோடு நீக்கிவிடுகின்றனர். கள்வர்க்கு அஞ்சி இட்ட கதவை, வீட்டார்க்கு இடையூறென்று பெயர்த்தெறிதல் அறிவுடைமையாகுமோ? நம்பத்தகும் பெயர்களை மட்டும் ‘பேக்கனெக்ஷன்ஹோஸ்ட்நேம்ஸ்’ என்னும் பதிவிற் பொறித்தலே தக்கதென யாம் கருதுகின்றோம். காவலும் நிற்கும், தேடலும் நடைபெறும். தடையை நீக்குமுன் அது இடப்பட்ட காரணத்தை ஆராய நம் மாணவர் பழகுவாராக.