மூளைக்கு ஒரு பேஸ்மேக்கர்: 'கடைசியா பார்த்துக்கலாம்' சரியா?

பி.காம் படிக்கிறவனுக்கு மூளை ஆபரேஷனைப் பற்றி என்ன தெரியும்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு கணக்கு தப்பாகப் போனதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். அதே கணக்கை இப்போது தெரிந்த இன்னொரு வீட்டிலும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

எங்க தாத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். 2011-ல் அவருக்குப் பார்க்கின்சன் என்று கண்டுபிடித்தார்கள். கை நடுங்க ஆரம்பிப்பதற்கு முன்னாடியே பேரேட்டில் அவர் எழுத்து எறும்பு சைஸுக்குச் சின்னதாகிவிட்டிருந்தது (அதுவும் ஒரு அறிகுறியாம், பிற்பாடுதான் தெரிந்தது). மாத்திரை முதலில் அற்புதமாக வேலை செய்தது. நாலைந்து வருஷம் போனதும், ஒரு வேளை மாத்திரைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஆள் அப்படியே உறைந்து போய்விடுவார். மாத்திரை ஏறிவிட்டாலோ உடம்பு தானாக நெளியும். 2016-ல் டாக்டர் "டிபிஎஸ் பண்ணலாம், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். எங்களுக்குச் சொன்ன தொகை 14 லட்சம். பணம் ஒரு பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் முதலில் வந்த வார்த்தை பணம் இல்லை. "மண்டையில ஓட்டை போடறதா? அதெல்லாம் கடைசியா பார்த்துக்கலாம்" என்பதுதான்.

அந்தக் 'கடைசி' 2022-ல் வந்தது. கடையை விற்ற பணம் கையில் இருந்தது. ஆனால் தாத்தா அடிக்கடி கீழே விழ ஆரம்பித்திருந்தார். ஞாபகமறதி வேறு. எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே இது உங்களுக்குச் சரிப்படாது" என்று அனுப்பிவிட்டார்கள்.

டிபிஎஸ் என்பது ஆழ்மூளைத் தூண்டல். பார்க்கின்சனில் மூளைக்குள் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போக, உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் தாறுமாறாக இயங்குகின்றன. அதில் ஒன்று சப்தலாமிக் நியூக்ளியஸ், கிட்டத்தட்ட ஒரு பட்டாணி அளவுதான். அதற்குள் மெல்லிய கம்பியை இறக்கி, தோலுக்கு அடியிலேயே கழுத்து வழியாகக் கொண்டுவந்து, காரை எலும்புக்குக் கீழே பதித்த பேட்டரியோடு இணைக்கிறார்கள். நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன மின் துடிப்புகள் போய்க்கொண்டே இருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1987, பிரான்சின் கிரெனோபிள் நகரம். அலிம் லூயி பெனாபிட் என்ற மூளை அறுவை நிபுணர் (இயற்பியலும் படித்தவர்). அந்தக் காலத்தில் நடுக்கத்தை நிறுத்த தலாமஸில் ஒரு சின்ன இடத்தைச் சுட்டு அழித்துவிடுவார்கள். சுடுவதற்கு முன், சரியான இடம்தானா என்று மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். பெனாபிட் அந்தத் துடிப்பின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். நொடிக்கு நூறை நெருங்கியதும் நடுக்கம் நின்றது. நிறுத்தினால் திரும்ப வந்தது. அப்புறம் எதற்குச் சுட வேண்டும்? கம்பியை உள்ளேயே விட்டுவிடலாமே! சுட்டது சுட்டதுதான், ஆனால் இதை வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். 1993-ல் அவர் குழு சப்தலாமிக் நியூக்ளியஸிலும் இதைச் செய்தது. அமெரிக்க அரசு 1997-ல் நடுக்கத்துக்கும், 2002-ல் பார்க்கின்சனின் மற்ற தொல்லைகளுக்கும் இதை அனுமதித்தது.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். தாத்தா விஷயத்தில் எங்களுக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்று. இந்தக் கருவி புதிதாக எதையும் தருவதில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் நீங்கள் எப்படி இருப்பீர்களோ, ஏறத்தாழ அந்த நிலையை நாளின் அதிக நேரத்துக்கு நீட்டிக்கிறது. (நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, மாத்திரைக்கு அடங்காததும் இதற்கு அடங்கலாம்.) மாத்திரைக்குக் கேட்காத தடுமாற்றமும் மறதியும் இதற்கும் கேட்காது. ஆக, மாத்திரை பலிக்காமல் போகும்வரை காத்திருந்துவிட்டு இதைத் தேடிப் போவது, கடையை இழுத்து மூடியபிறகு சரக்கு வாங்கக் கடன் கேட்கிற மாதிரி!

அமெரிக்காவில் 255 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஆறு மாதத்தில், தொல்லையில்லாமல் இயங்கும் நேரம் நாளைக்குச் சராசரியாக 4.6 மணி கூடியது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்குக் கூடவேயில்லை. 2013-ல் பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து செய்த ஆய்வு இன்னும் முக்கியமானது. 251 பேர், சராசரி வயது 52. மாத்திரை தகராறு பண்ண ஆரம்பித்து அதிக காலம் ஆகாதவர்கள். இரண்டு வருஷத்தில் ஆபரேஷன் பக்கம் வாழ்க்கைத்தரம் 26 சதவீதம் உயர்ந்தது, மருந்துப் பக்கம் உயரவில்லை. 52 என்பது சம்பாதிக்கிற வயது. கடையையும் வேலையையும் விட்டபிறகு கிடைக்கும் நாலரை மணி நேரமும், விடுவதற்கு முன் கிடைக்கும் நாலரை மணி நேரமும் ஒன்றா? காமர்ஸ் பாஷையில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். எங்கள் வீட்டில் யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பயந்ததில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையில் ரத்தம் கசியலாம். நான் சொன்ன 2009 ஆய்விலேயே ஒருவர் அப்படி இறந்திருக்கிறார். பேச்சு குழறலாம், மனசு சோர்ந்து போகலாம். சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி என்றால் மூணு முதல் அஞ்சு வருஷத்தில் மாற்ற வேண்டும், அது தனிச் செலவு. முக்கியமாக, நோய் உள்ளுக்குள் வளர்வதை இது நிறுத்தாது. 2013 ஆய்விலும் ஒரு ஓட்டை உண்டு: யாருக்கு ஆபரேஷன் நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும், அந்த நம்பிக்கையே மதிப்பெண்ணை ஏற்றியிருக்கலாம். நோய் தெரிந்த மறுநாளே ஓடுவதும் தப்பு. பார்க்கின்சன் மாதிரியே தொடங்கும் வேறு நோய்களில் இது பலிக்காது, முதல் சில வருஷங்களில்தான் அந்தச் சாயம் வெளுக்கும். அதனால்தான் அமெரிக்காவில் 2016-ல் அனுமதியை விரிவாக்கியபோதுகூட, குறைந்தது நாலு வருஷ நோய் என்று வைத்தார்கள்.

அதனால் எல்லாரும் பண்ணிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க" என்று டாக்டர் நிறுத்தியிருக்கக்கூடாது. "எதுவரைக்கும் யோசிக்கலாம்" என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். நாங்களும் அதைக் கேட்டிருக்க வேண்டும். அந்த வாக்கியம் இல்லாததால் ஆறு வருஷம் போனது.

இப்போது அப்பாவின் நண்பர், தையல்கடை மாமா. 54 வயது, நோய் வந்து ஆறு வருஷம். மாத்திரை இறங்கிவிட்டால் ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. அத்தை போன மாதம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதே வார்த்தையைச் சொன்னார், "கடைசியா பார்த்துக்கலாம்பா". எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த மாதம் அவர்களோடு நரம்பியல் டாக்டரிடம் நானும் போகிறேன். அதுவரை எழுதி வைக்கச் சொல்லி மாமாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தேன். மணிக்கு மணி, 'முடியுது', 'முடியல'. நேற்றைய பக்கத்தைப் பார்த்தேன். காலை ஆறிலிருந்து இரவு பத்துக்குள் ஏழு 'முடியல'.