இருட்டில் நிறுத்தியவன் குற்றமற்றவனா?

கடலூரில் ஆலை வேலை முடித்து, இரவு பத்து மணிக்கு மேல், சிதம்பரம் சாலையில் மொபெட்டில் வீடு திரும்புகிறார் ஒரு தோழர். ஆலப்பாக்கம் தாண்டியாயிற்று, புதுச்சத்திரம் இன்னும் வரவில்லை. நடுவே, சாலையிலேயே நிற்கிறது கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர். பின்விளக்கு இல்லை, சிவப்பு ரிப்ளெக்டர் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. எதிரே வரும் பேருந்தின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. அடுத்த நொடி மோதல்!

அந்தத் தோழர் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். கரும்பு வெட்டும் காலத்தில் நம் மாவட்டத்துச் சாலையில் இரவிலே சென்றவர் எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. அவர் யாராகவும் இருக்கலாம். நாளை நீங்களாகவும் இருக்கலாம்.

உயிரைக் காக்க வழி உண்டு. விபத்துக்குள்ளானவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கி வைத்தார் முதலமைச்சராயிருந்த தளபதி மு.க. ஸ்டாலின். ஆனால் பிழைத்து எழுந்தவர் ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாதே, அடுப்பு எப்படி எரியும்? அதற்காகத்தானே மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ்! 1939ஆம் ஆண்டு மோட்டார் சட்டத்திலேயே கட்டாயம் என்று எழுதப்பட்டதல்லவா அது?

கம்பெனி என்ன சொல்கிறது? "எங்களிடம் இன்ஷ்யூர் செய்த வண்டி நின்றுகொண்டிருந்தது. வந்து மோதியவர் அவர். ஆகவே பிழை அவருடையது!"

கேட்டீர்களா நியாயத்தை! இருட்டில் நிறுத்தியவன் நிரபராதி, இடுப்பொடிந்தவர் குற்றவாளி!

அத்தோடு விட்டார்களா? லைசென்ஸ் எங்கே? ஹெல்மெட் எங்கே? பின்னால் இருவரை ஏற்றினாரா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வெட்டு. பத்து சதம், முப்பது சதம், ஐம்பது சதம்! வயலிலே கரும்பை வெட்டுகிறார்கள். வழக்கு மன்றத்திலே தொழிலாளியின் ஈட்டுத் தொகையை வெட்டுகிறார்கள்.

சட்டம் இதை ஒப்புகிறதா? இல்லை, தோழர்களே. பொதுச் சாலையில் ஆபத்து உண்டாகும்படி வண்டியை நிறுத்தலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு. வடநாட்டில் ஒரு வழக்கு. நடுச்சாலையில் விளக்கின்றி நின்ற எரிவாயு டாங்கர் லாரி மீது இரவில் கார் மோதியது. முழுப் பிழையும் டாங்கர் மீதே என்றது தீர்ப்பாயம். பாதிப் பிழை காரோட்டியது என்று திருத்தியது உயர்நீதிமன்றம். அந்தத் திருத்தத்தைத் தள்ளி, தீர்ப்பாயம் சொன்னதே சரி என்று 2018இல் தீர்ப்பளித்தது உச்சநீதிமன்றம். நின்ற வண்டியும் குற்றவாளியாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

லைசென்ஸ் இல்லாததாலேயே விபத்துக்குப் பொறுப்பு என்றாகிவிடாது என்றது 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மூவர் ஏறியதாலேயே பிழை ஏற்பட்டுவிடாது, அதற்கும் விபத்துக்கும் தொடர்பு காட்டவேண்டும் என்றது 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இரண்டும் உச்சநீதிமன்றத் தீர்ப்புகளே. அதற்கும் முன்பே, 1980இல், நம் தமிழ்நாட்டுப் பேருந்து விபத்து வழக்கொன்றில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தெளிவாக்கினார்: கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையானாலும் நஷ்டஈட்டுப் பொறுப்பு நீங்கிவிடாது, நுணுக்கங்களைக் காட்டி ஏழையை ஏமாற்ற இடம் தரலாகாது.

நம் பக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். முகப்பு விளக்கு எரியாத மொபெட்டில், குடித்துவிட்டுச் செல்பவர் கம்பெனிக்குத் தானே காரணம் தேடித் தருகிறார். நூறு ரூபாய் பல்பு மாட்டச் சோம்பி, லட்ச ரூபாய் உரிமையைத் தொலைக்கலாமா?

இன்னொன்றும் கேளுங்கள். பிழையை நிரூபிக்காமலே பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம், உயிரிழப்புக்கு ஐந்து லட்சம் தரும் 164ஆம் பிரிவு 2022 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் அந்தத் தொகையைச் சமரசமாக ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் போட்ட பெரிய வழக்கு காலாவதியாகிவிடும்! கம்பெனிக்காரர் கட்டிலருகே நீட்டும் காகிதத்தில், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். வழக்குத் தொடர ஆறு மாதக் கெடுவையும் அதே திருத்தம்தான் சட்டத்தில் சேர்த்தது. நாளைக் கடத்தாதீர்கள். வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம்; சிதம்பரத்துக்காரர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்களுக்கும் தொழிலாளர்க்கும் இலவச உதவி தரச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரியது சாட்சி. அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடக்கையில், டிராக்டர் நகர்த்தப்பட்டுவிடும். எங்கிருந்தோ ஒரு விளக்கும் வந்து ஒட்டிக்கொள்ளும்! முதல் தகவல் அறிக்கையில் "வேகமாக வந்து மோதினார்" என்ற ஒரு வரி ஏறிவிட்டால், அதை அழிக்க ஆண்டுகள் ஆகும்.

எனவே கிளைக் கழகத் தோழர்களே! விபத்துச் செய்தி கேட்டதும் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒருவர் அந்த இடத்துக்கு ஓடுங்கள். வண்டி நின்ற நிலையை, எரியாத விளக்கை, கைபேசியில் படம் எடுங்கள். அறிக்கையின் நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். கண்டதைக் கோர்ட்டில் வந்து சொல்லுங்கள்.

கொடி பிடிக்கும் கை, அந்த இரவில் ஒரு டார்ச் விளக்கையும் பிடிக்கட்டும். இருட்டில் நிறுத்தியவன் முகம் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும்!