மின்தடை நாளில் தாராசுரம்

கும்பகோணத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்ட நாள் அது. காலை 9 மணிக்கு மின்விசிறி நின்றது, தொலைக்காட்சியும் நின்றது. விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து தாயுடன் வந்திருந்த பேரக் குழந்தைகள் இருவரும் திண்ணைக்கும் கூடத்துக்குமாக அலையத் தொடங்கினர். பேரனுக்கு ஏழு வயது, பேத்திக்கு நான்கு.

அந்த வீட்டில் விடிந்ததிலிருந்தே ஒரு மௌனம் நிலவியது. தாத்தா பேரனிடம் பேசவில்லை. பேரனும் அவர் இருந்த பக்கம் வரவில்லை.

சென்ற ஆண்டு அவன் காய்ச்சலில் பல நாள் மருத்துவமனையில் கிடந்தபோது, நவக்கிரகத் தலங்கள் ஒன்பதுக்கும் அவனை அழைத்துச் செல்வதாகத் தாத்தா நேர்ந்துகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அவர். ஒன்பது ஊர்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, எந்தத் தலத்துக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு, வேன் ஒன்றை அமர்த்தி, முதல் நாள் இருள் பிரியும் முன்பே குழந்தைகளை எழுப்பிவிட்டார். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் என ஐந்து தலங்கள் கணக்குப் பிசகாமல் முடிந்தன. ஆறாவதாக வைத்தீஸ்வரன்கோயில் வாசலில் பேரன் வேனை விட்டு இறங்க மறுத்தான். வரிசையில் நின்ற நேரமெல்லாம் பெரியவர்களின் முதுகைத் தவிர வேறொன்றையும் அவன் கண்டதில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் அழுதான்.

“யாருக்காக இத்தனையும்? உனக்காகத்தானே!” என்று சந்நிதித் தெரு என்றும் பாராமல் தாத்தா உரக்கக் கடிந்துகொண்டார்.

“எனக்குக் கோயிலே வேண்டாம்” என்றான் அவன். பயணம் அங்கேயே முடிந்தது. வேன் வீட்டுக்குத் திரும்பிற்று.

இத்தகைய வேன்களைக் கும்பகோணத்தில் நாள்தோறும் காணலாம். பெரியவர்களின் வேண்டுதலில் குறையேதும் இல்லை. ஆயினும் இருட்டில் எழுப்பப்பட்ட குழந்தையின் நினைவில் ஒன்பது முறை செருப்பைக் கழற்றி மாட்டியதுதான் மிஞ்சுகிறது.

“மாலை வரை வீட்டில் வெந்துகொண்டு இருப்பானேன்? தாராசுரம் போய் வரலாம்” என்று பாட்டிதான் எழுந்தாள். தயிர்சாதமும் நார்த்தங்காயும் ஒரு தூக்கில் ஏறின. ஆட்டோ வந்து நின்றது. பேரன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: “அங்கே வரிசை உண்டா?”

“இன்று இராது” என்றாள் பாட்டி.

ஐராவதேசுவரர் ஆலயம் இரண்டாம் இராசராச சோழன் எழுப்பியது. 12-ஆம் நூற்றாண்டுக் கற்றளி. தஞ்சைப் பெரிய கோயில் முன்பே இடம்பெற்றிருந்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2004-இல் கங்கைகொண்ட சோழபுரத்துடன் இதுவும் சேர்க்கப்பட்டது. இவற்றையெல்லாம் சொல்லியபடியே தாத்தா கடிகாரத்தைப் பார்த்தார். மணி 11 ஆகியிருந்தது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். முதலில் மூலவர், பிறகுதான் மற்றவை என்பது அவருடைய நெடுநாள் ஒழுங்கு.

குழந்தைகள் அந்த ஒழுங்கை அறிந்தவர்களாகத் தெரியவில்லை. பலிபீடத்தருகே தட்டினால் இசை எழுப்பும் கற்படிகள் உண்டு என்று கேட்டதும் பேரன் ஓடினான். அவற்றைச் சுற்றி இரும்புக் கம்பி அடைத்திருப்பதைக் கண்டு முகம் வாடினான். பேத்தியோ கல் தேராக அமைந்த இராசகம்பீர மண்டபத்தின் குதிரையை விட்டு நகர மறுத்தாள். அது எப்போது புறப்படும் என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. அதற்குள் பேரன் ஒரு சிறு சிற்பத்தின் முன் நின்றுவிட்டான். ஒரு புறமிருந்து நோக்கினால் யானை. மறுபுறமிருந்து நோக்கினால் காளை. இரண்டுக்கும் தலை ஒன்றே. கையால் ஓர் உடலை மறைத்தும் மற்றதை மறைத்தும் அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

“நடை சாத்திவிடுவார்கள்” என்றார் தாத்தா.

“சாத்தினால் 4 மணிக்குத் திறப்பார்கள். வீட்டில் நமக்கு என்ன, விசிறியா சுழல்கிறது?” என்றாள் பாட்டி.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் உள்ளே மணி ஒலித்து ஓய்ந்தது. இத்தனை ஆண்டுகளில், சந்நிதி திறந்திருக்க, வெளியில் நின்று அந்த ஒலியைக் கேட்டது அவருக்கு அதுவே முதல் முறை.

வெயில் ஏறிற்று. பிராகாரத்துக் கல் கொதித்தது. குழந்தைகள் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினர். முனிவரின் சாபத்தால் உடலெல்லாம் எரிந்த எமன் இத்தலத்துத் தீர்த்தத்தில் நீராடி வெப்பம் தணிந்தான் என்ற தலக்கதையைப் பாட்டி சொன்னாள். “அவருக்கும் கால் சுட்டதா?” என்று பேத்தி கவலையுடன் வினவினாள்.

விமானத்தின் அடிப்பகுதியில், நிழல் விழுந்த ஓரமாகத் தாத்தா நடந்தார். அங்கே அறுபத்துமூவர் வரலாறு சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சேக்கிழாரை ஆதரித்த இரண்டாம் குலோத்துங்கனின் மகன் கட்டிய கோயில் அல்லவா! உள்ளங்கை அகலக் கல்லில் ஒரு முதலையும் ஒரு சிறுவனும் இருந்ததைப் பேரனின் கண்தான் முதலில் கண்டது. பெரியவர்கள் குனிந்து காண வேண்டியதை அவன் நின்றபடியே கண்டான்.

“தாத்தா, இந்தப் பையனை முதலை தின்னப்போகிறதா?”

முதல் நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் சொல் அது. தாத்தா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் அமர்ந்தார். அவிநாசியில் ஐந்து வயதுப் பாலகர் இருவர் நீராடச் சென்றதையும், ஒருவனை முதலை விழுங்கியதையும், ஆண்டுகள் கழிந்து சுந்தரர் அவ்வழியே வந்தபோது ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஒலியும் எதிர் வீட்டில் அழுகையும் கேட்டதையும் சொன்னார். மகனை இழந்த பெற்றோர், அழுகையை அடக்கிக்கொண்டு சுந்தரரை முகமலர்ந்து வணங்கியதைச் சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தழைந்தது. சுந்தரர் பாட, முதலை அச்சிறுவனைக் கரையில் கொண்டுவந்து உமிழ்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு அவன் வந்தான்.

பேரன் நெடுநேரம் கல்லையே பார்த்தான். “தனியாகக் குளத்துக்குப் போனாயே என்று அவனுடைய அப்பா திட்டினாரா?”

தாத்தா உடனே மறுமொழி கூறவில்லை. மருத்துவமனைக் கட்டிலும், அதனருகே தாம் விழித்திருந்த இரவுகளும் அவர் நினைவில் எழுந்தன.

“திட்டியிருக்க மாட்டார். எடுத்து அணைத்துக்கொண்டிருப்பார்” என்றார். பிறகு, “நேற்று நான் உன்னை அப்படிச் சத்தமிட்டிருக்க வேண்டாம்” என்றும் சொன்னார்.

அவன் தலையை அசைத்துவிட்டு, அடுத்த சிற்பம் என்ன என்று பார்க்க நகர்ந்தான்.

வாசலுக்கு வெளியே மரத்தடியில் தயிர்சாதம் காலியாயிற்று. பேத்தி தாயின் மடியிலேயே உறங்கிவிட்டாள். 4 மணிக்கு நடை திறந்தபோதும் அவள் விழிக்கவில்லை. தோளில் சாய்ந்தபடியே தீபாராதனை கண்டாள் என்றுதான் கொள்ள வேண்டும். பேரனைத் தாத்தா இடுப்பில் தூக்கிக்கொண்டார். ஏழு வயதுப் பிள்ளையின் கனம் அவருக்கு மூச்சு வாங்கச் செய்தது. இறக்கிவிட மனம் வரவில்லை. முன்னால் எவர் முதுகும் இல்லை. அவனாகவே கை குவித்தான். திருநீற்றை வாங்கித் தாத்தாவின் நெற்றியிலும் இட்டான்.

திரும்பும் ஆட்டோவில் அவன் தாளும் எழுதுகோலும் கேட்டான். தாத்தாவின் சட்டைப் பையில் முதல் நாள் பட்டியல் ஒன்றுதான் இருந்தது. அதன் பின்பக்கத்தில், ஆட்டோ குலுங்கக் குலுங்க, வாய் பிளந்த ஒரு முதலையும் அதனுள்ளிருந்து கை நீட்டும் ஒரு பையனும் தோன்றினார்கள்.

“இன்னும் எத்தனை கோயில் பாக்கி, தாத்தா?”

“நான்கு.”

“நாளைக்கு ஒன்று போகலாமா? ஒன்றே ஒன்று.”

தாத்தா தாளை வாங்கி, படம் கசங்காதபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.