அடித்தால் அடங்குமா கிளி?

மாரி மழை ஓய்ந்து காலபோக நெல் முற்றுகிற தை, மாசியில் வன்னியில் கிளி வளர்க்கும் வீடுகளில் ஒரே முறைப்பாடுதான். "இரண்டு வருசமாத் தோளில இருந்த கிளி, இப்ப கையைக் கிட்டக் கொண்டுபோகக் கொத்துது. விசர் பிடிச்சிட்டுது. நாலு தட்டுத் தட்டினால்தான் அடங்கும்." பிறகு ஈர்க்கால் சொண்டில் அடி. அடங்காவிட்டால் கூட்டைச் சாக்கால் மூடிப் பட்டினி. ஏறத்தாழ 120 கிராம் எடையுள்ள ஒரு உயிருக்கு நாள் முழுக்கப் பட்டினி போடுவது கொடுமை. அதைப் பழக்குவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கிளிக்கு விசருமில்லை, நன்றிகெட்ட குணமுமில்லை. அது இணைசேரும் காலம். ஆண் பச்சைக்கிளிக்குக் கழுத்தில் கறுப்பும் ரோசாவுமான வளையம் எழுவது மூன்றாம் வயதளவில், பருவமடைவதும் அப்போதுதான். முதல் இரண்டு வருசமும் அது சாதுவாக இருந்தது குஞ்சுப் பருவம் என்பதால். வெளியே அதே மாதங்களில் மொட்டைப் பனைப் பொந்துகளுக்காகக் கிளிகள் ஒன்றையொன்று விரட்டுகின்றன. வீட்டுக் கிளிக்குப் பொந்து என்று இருப்பது அதன் கூடு மட்டும். அதற்குள் நுழையும் கையை அது கொத்தாமல் என்ன செய்யும்?

இறகு முளைக்காத குஞ்சாகப் பொந்திலிருந்து எடுத்து ஊட்டி வளர்த்தோமே, அதன் விளைவும் இதில் உண்டு. அந்தக் கிளிக்குத் தெரிந்த இனம் நாம்தான். வீட்டில் ஒருவரைத் துணையாக வரித்துக்கொள்ளும். அம்மம்மாவின் விரலில் இரையைக் கக்கி ஊட்டும். கிட்ட வரும் பேரனைப் பாய்ந்து கொத்தும்.

கிளிக்குத் தின்னக் கொடுக்கும் மிளகாயின் சூடுதான் மூர்க்கத்துக்குக் காரணம் என்பது இன்னொரு கதை. மிளகாயின் உறைப்பு நம்மைப் போன்ற பாலூட்டிகளைத்தான் எரிக்கும், பறவைகளுக்கு அது உறைப்பதில்லை. காட்டில் மிளகாய் விதையைப் பரப்புவதே பறவைகள்தான்.

கொத்துவதற்கு முன் கிளி எச்சரிக்கிறது. கண்மணி சுருங்கி விரியும், பிடரி சிலிர்க்கும், வால் விசிறிபோல் விரியும். அப்போது கையை எடுத்துவிட்டால் போதும். அடிபட்ட கிளியோ கையென்றால் ஆபத்து என்பதைத்தான் படிக்கும். எச்சரிப்பதையும் விட்டு நேரே கொத்தும்.

செய்ய வேண்டியவை சிறியவை. இணைசேரும் உந்துதலைத் தூண்டும் பொந்துபோல் இருண்ட பெட்டி, சட்டி, கண்ணாடி எல்லாவற்றையும் அகற்றுங்கள். முதுகையும் செட்டையின் அடியையும் தடவாதீர்கள், தலையோடு நிறுத்துங்கள். கொழுப்பான தீனியைக் குறையுங்கள். வன்னியில் மாரிப் பகலுக்கும் கோடைப் பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியால வித்தியாசம்தான். நாமோ இரவு பத்து மணிவரை மின்குமிழை எரியவிட்டுக் கிளியின் பகலை நீட்டி அந்த உந்துதலைக் கூட்டுகிறோம். பொழுதுபட்டதும் அமைதியான இருட்டில் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் தூங்க விடுங்கள். வெளியே எடுக்க வேண்டுமானால் கையை நீட்டாமல் தடியில் ஏற்றுங்கள்.

"அடிச்ச பிறகுதானே அடங்கிச்சுது" என்பார்கள். பருவம் சில கிழமைகளில், கூடினால் சில மாதங்களில் தணிந்துவிடும். அடி வாங்காத கிளியும் அப்போது அடங்கும். அடிதான் அடக்கியதென்றால், அதே கிளி அடுத்த தையில் ஏன் மறுபடி கொத்துகிறது?