படகு கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பேசுங்க

மாசாணியம்மனைக் கும்பிட்டுட்டு, அப்படியே ஆழியார் அணையில ஒரு படகு சவாரி போலாம்னு ஆனைமலைப் பக்கம் வர்றவங்களுக்கும், படகு விடறவங்களுக்கும் இந்த த்ரெட். கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும்.

லைஃப் ஜாக்கெட்டைக் கையில கொடுத்துட்டா பாதுகாப்பு முடிஞ்சுதுன்னு ஒரு நினைப்பு. இல்லீங்க. மாத்திரையைக் கொடுத்துட்டு எப்போ, எப்படிச் சாப்பிடணும்னு சொல்லாம அனுப்பற டாக்டரை நீங்க சும்மா விடுவீங்களா?

தேக்கடி, 2009 செப்டம்பர் 30. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட ஜலகன்யகா கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. ஓட ஆரம்பிச்சுச் சில வாரமே ஆன படகு. கரையில நின்ன காட்டு விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கமா நகர்ந்தாங்கன்னு அப்பவே செய்தி வந்துச்சு. படகோட வடிவமைப்பு மேலயும் புகார் இருந்துச்சு, அது தனிக் கதை. ஆனா "யானையே வந்தாலும் எந்திரிக்காதீங்க, படகு சாயும்"னு சொல்ல எத்தனை விநாடி ஆகும்?

பழவேற்காடு, 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு 22 பேர். தானூர், 2023 மே 7, அங்கயும் 22 பேர்.

"பயமுறுத்தினா கஸ்டமர் வரமாட்டான்"னு சொல்றாங்க. ஒவ்வொரு விமானத்துலயும் பெல்ட் போடறதுல இருந்து வெளியேறும் வழி வரைக்கும் சொல்லித்தான் கிளப்பறாங்க. யாராவது இறங்கி ஓடினாங்களா?

"எனக்கு நீச்சல் தெரியும் டாக்டர்." கெணத்துல குதிச்சுப் பழகின நீச்சல்தானே? படகு கவிழறப்போ தலையில அடிபடும், புடவையோ வேட்டியோ கால்ல சுத்தும், பக்கத்துல இருக்கறவர் பயத்துல உங்க கழுத்தைப் பிடிப்பார். தண்ணிக்குள்ள விழுந்தப்புறம் ஜாக்கெட் மாட்டறது ரொம்பக் கஷ்டம்.

சினிமால வர்ற மாதிரி மூழ்கறவங்க பெரும்பாலும் கத்த மாட்டாங்க. மூச்சு எடுக்கவே வாய் தண்ணிக்கு மேல நிக்காது, அப்புறம் எங்க கத்தறது? ஆக்ஸிஜன் நின்னு நாலஞ்சு நிமிஷத்துல மூளை சேதமாக ஆரம்பிச்சிடும். அங்கிருந்து பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. எங்ககிட்ட கொண்டு வர்றதுக்குள்ள பாதி முடிவு ஆகியிருக்கும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பக்கிள் எல்லாத்தையும் போட்டு இறுக்குங்க. குழந்தைக்குக் குழந்தை சைஸ். தோள்பட்டையைப் பிடிச்சுத் தூக்கிப் பாருங்க, ஜாக்கெட் மட்டும் காது வரைக்கும் வந்தா அது வேலைக்கு ஆகாது. எந்திரிச்சு செல்ஃபி வேண்டாம். குடிச்சிருந்தா ஏறவே வேண்டாம். கவிழ்ந்தா நீந்திக் கரைக்குப் போகப் பார்க்காம, மிதக்கற படகையே பிடிச்சுக்குங்க. கூரை போட்ட படகுன்னா எந்தப் பக்கமா வெளியே வரணும்னு முன்னாடியே காட்டணும். ஏன்னா ஜாக்கெட் உங்களை மேல தூக்கும், கூரைக்கு அடியில மாட்டிக்குவீங்க.

ஜாக்கெட் வியர்வை நாத்தம் அடிக்குதுன்னு கழட்டி வைக்கறாங்க. நியாயமான புகார்தான். துவைச்சு வெயில்ல காயப்போடறது படகு விடறவங்க வேலை.

டிக்கெட் எடுக்கறப்பவே "என்னென்ன பண்ணணும்ங்க, சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவர் முறைச்சா, காசைத் திருப்பி வாங்கிட்டு ரோட்டோரக் கடையில பொரிச்ச மீன் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போங்க.