பனித்தரையில் ஒரு போர்: வட்டை வைத்திருப்பதா, வீசி எறிவதா?

2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 20-ந் தேதி இரவு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். ஐஸ் ஹாக்கி அரங்கு நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் அமெரிக்கக் கோஷ்டி. மறு பக்கம் கனடா கோஷ்டி.

வெறும் விளையாட்டுப் பந்தயம்தானே என்று எண்ணிவிட வேண்டாம். அந்த நாட்களில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், கனடா தங்கள் 51-வது மாநிலமாகச் சேர்ந்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். கனடா சரக்குகளுக்கு வரி போடுவதாகவும் மிரட்டினார். கனடா மக்கள் கொதித்துப் போனார்கள். ஐந்து நாட்களுக்கு முன் மாண்ட்ரியல் நகரில் இதே இரு கோஷ்டிகளும் மோதியபோது, அமெரிக்க தேசிய கீதம் பாடும் நேரத்தில் கூச்சல் கிளம்பியது. ஆட்டம் தொடங்கி 9 விநாடிக்குள் மூன்று கைகலப்பு! அன்று அமெரிக்கா 3-1 என்று ஜெயித்தது.

இப்போது இறுதி ஆட்டம். 60 நிமிடம் முடிந்தபோது இரண்டு பக்கமும் 2 கோல். இனி யார் முதலில் ஒரு கோல் போடுகிறார்களோ அவர்களுக்கே வெற்றி. அந்தக் கோல் எப்படி விழுந்தது? அதைச் சொல்லுமுன் இந்த ஆட்டத்தின் சூட்சுமம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீலக்கோடு

நம் ஊர் ஹாக்கி புல்தரையில் ஆடுவது. இது உறைந்த பனிக்கட்டித் தளத்தில், இரும்பு அலகு பொருத்திய பூட்ஸ் அணிந்து சறுக்கிக்கொண்டே ஆடுவது. அமெரிக்கா, கனடாவில் தளத்தின் நீளம் 200 அடி, அகலம் 85 அடி. பந்து கிடையாது. 3 அங்குல அகலமும் 1 அங்குல கனமும் உள்ள ரப்பர் வட்டு. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். அதில் ஒருவர் கோல் காவலர்.

தளத்தின் குறுக்கே இரண்டு நீலக்கோடுகள் உண்டு. எதிரியின் நீலக்கோட்டை முதலில் வட்டு தாண்ட வேண்டும். பிறகுதான் ஆட்கள் தாண்டலாம். ஆள் முந்தினால் குற்றம். ஆகவே அந்தக் கோடு ஒரு வாசற்படி மாதிரி. காவலாட்கள் அங்கேதான் வழி மறித்து நிற்பார்கள்.

வாசலைத் தாண்ட இரண்டு வழி. ஒன்று, வட்டைக் கையோடு கொண்டு போவது. மற்றது, வட்டை எதிரியின் பின்மூலைக்கு வீசி எறிந்துவிட்டு, ஓடிப்போய் முட்டி மோதிப் பறிப்பது. இரண்டாவதில் வாசலில் அகப்பட்டுக்கொள்ளும் பயம் இல்லை. ஆனால் கையில் இருந்த பொருளை எதிரியிடமே கொடுத்துவிட்டு, பிறகு அதற்காக அடிபடுவானேன்?

ருஷியர் வந்தார்கள்

இந்தக் கேள்வியை உலகத்துக்கு எழுப்பியவர்கள் ருஷியர்கள். 1946-ம் ஆண்டில்தான் அவர்கள் இந்த ஆட்டத்தை முறையாக ஆட ஆரம்பித்தார்கள். எட்டே ஆண்டில், 1954-ல், முதல் முறையாகக் கலந்துகொண்ட உலகப் போட்டியிலேயே பட்டம் பெற்றார்கள். இதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அனடோலி தாரசோவ் என்ற பயிற்சியாளர். ஐஸ் தளம் போதுமான அளவு இல்லாத காலம். மண் தரையிலேயே ஓடவும் குட்டிக்கரணம் போடவும் பழக்கினார். அவருடைய பாடம் இதுதான்: வட்டு வைத்திருப்பவனை மட்டும் பாராதே. வட்டு இல்லாத நால்வரும் ஓடி வழி திறக்க வேண்டும்.

வாசலில் வழி இல்லையா? ருஷியர்கள் வட்டை வீசமாட்டார்கள். பின்னால் இருக்கும் தோழனுக்குத் தட்டிவிட்டு, வளைந்து திரும்பி, மறுபடி வேகம் பிடித்து வருவார்கள். பார்த்தவர்களுக்கு இது வீண் வேலையாகத் தோன்றியது.

1972 செப்டம்பர் 2-ந் தேதி மாண்ட்ரியலில் அது வீண் வேலை அல்ல என்று தெரிந்தது. கனடாவின் சிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் ருஷியாவுடன் எட்டு ஆட்டம் ஆட ஒப்புக்கொண்டிருந்தார்கள். எட்டும் நமக்கே என்று கனடாவில் பலர் எழுதினார்கள். முதல் ஆட்டத்தில் 30-வது விநாடியிலேயே எஸ்போசிட்டோ கோல் போட்டார். சற்று நேரத்தில் இன்னொன்று. 2-0! பிறகு ருஷியர்கள் தட்டித் தட்டி விளையாடத் தொடங்கினார்கள். முடிவு: ருஷியா 7, கனடா 3. நாடே வாயடைத்துப் போயிற்று.

கனடா வீரர்கள் சும்மா விடவில்லை. கடைசி மூன்று ஆட்டங்களையும் மாஸ்கோவிலேயே வென்றார்கள். எட்டாவது ஆட்டத்தில் 34 விநாடி மீதி இருக்கும்போது ஹென்டர்சன் அடித்தார், தடுக்கப்பட்டது. திரும்பி வந்ததை மீண்டும் அடித்தார், கோல்! தொடர் கனடாவுக்கு. ஆனால் பாடம் ருஷியாவிடமிருந்து வந்தது. 1980-களில் எட்மன்டன் கோஷ்டி ஐரோப்பிய முறையைக் கலந்து ஆடி, 1984 முதல் 1990 வரையில் ஐந்து கோப்பை தட்டிச் சென்றது.

எதிரி சாய்ந்திருக்கும் நேரம்

வட்டை வைத்திருந்தால் மட்டும் கோல் வந்துவிடாது. கோல் பெரும்பாலும் வருவது வட்டு கைமாறும் நேரத்தில். தாக்க வந்தவர்கள் எல்லாரும் முன்னோக்கிச் சாய்ந்திருப்பார்கள். நடுத்தளத்தில் வட்டு பறிபோனால், திரும்ப வேண்டும், வேகம் பிடிக்க வேண்டும். வீட்டார் அனைவரும் தெருவில் வேடிக்கை பார்க்கும்போது கொல்லைப்புறமாகத் திருடன் புகுந்த கதைதான். மூன்று பேர் வருவார்கள். தடுக்க இரண்டே பேர். ஒருவர் குறுக்கே தட்டிவிடுவார். கோல் காவலர் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகருமுன் வட்டு வலைக்குள் கிடக்கும்.

இதை எண்ணிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. எரிக் டல்ஸ்கி, ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவரும் நண்பர்களும் ஆட்டம் ஆட்டமாக, வட்டு எப்படி நீலக்கோட்டைத் தாண்டியது என்று குறித்து வைத்து, 2013-ல் வெளியிட்டார்கள். கையோடு கொண்டு போனால், வீசி எறிவதைப் போல் சுமார் இரு மடங்கு அடி கோலை நோக்கிப் பாய்கிறது! கணக்குப் பார்த்தவரையே 2024-ல் கரோலினா கோஷ்டி தன் பொது மானேஜர் ஆக்கிக்கொண்டது.

அப்படியானால் வீசுகிறவர் எல்லாரும் முட்டாள்களா? அல்ல. புளோரிடா கோஷ்டி வட்டைத் தாராளமாக மூலைக்கு அனுப்பும். ஆனால் பின்னாலேயே புயல் போல் பாய்ந்து, எதிரி நிமிருமுன் பறித்துவிடும். 2024-லும் 2025-லும் அவர்களுக்கே கோப்பை. இரண்டு தடவையும் தோற்றது, உலகிலேயே வேகமான ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்த மக்டேவிட்டின் எட்மன்டன். என்னைக் கேட்டால், பறிக்கத் தெரிந்தவனுக்கு வீசுவதும் வைத்திருப்பதற்குச் சமம் என்பேன். தெரியாதவன் வீசினால் தானம்.

இனி பாஸ்டனுக்குத் திரும்புவோம். கூடுதல் நேரத்தில் அமெரிக்கர்கள் விடாமல் தாக்கினார்கள். கனடாவின் கோல் காவலர் பின்னிங்டன் மாத்யூஸின் அடியைத் தடுத்தார். எட்டு நிமிடம் கடந்தது. அமெரிக்காவின் எல்லையில், ஓரமாக, கனடாவின் மார்னர் வட்டைக் கைப்பற்றினார். அமெரிக்கர்களின் கண் அவர்மேல் போயிற்று. கோலுக்கு நேர் எதிரே, பக்கத்தில் ஒரு அமெரிக்கர்கூட இல்லாமல், தனியாக நின்றார் மக்டேவிட். மார்னர் தட்டினார். மக்டேவிட் அடித்தார். கனடா 3, அமெரிக்கா 2.