வல்லாரையும் வேண்டும், டொக்டரும் வேண்டும்



எங்கள் பாடசாலையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பாடம். லயத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும் மூலிகை ஒன்றைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தோம். துளசி வந்தது, கற்பூரவள்ளி வந்தது. ஒரு பையன் தும்பைச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தான். ஒரு பிள்ளை கை நிறைய வல்லாரை கொண்டு வந்தாள். இலை ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. எங்கே பிடுங்கினாய் என்று கேட்டோம். "கான் ஓரத்துல சேர். போன கிழமை மருந்தடிச்ச மலை" என்றாள். அதை வாங்கிக் குழி தோண்டி மூடினோம். பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தோம். மற்றப் பிள்ளைகளின் செடிகளை மேசையில் வைத்துவிட்டு அவளுடையதை மட்டும் புதைத்தால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூலிகையைச் சாகடிக்கிற நஞ்சுக்கும் தோட்டத்தில் மருந்து என்றுதான் பெயர்!

நம்மிடம் கைவைத்தியம் இருக்கிறது. சளிக்குக் கற்பூரவள்ளிச் சாறு, தடிமலுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர், சொறி சிரங்குக்குக் குப்பைமேனி, அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு, பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கும் காயம். நம் பாட்டிமார் இதில் பாதியைக் கடல் தாண்டி வரும்போதே கொண்டு வந்தார்கள். மீதியை இங்கேதான் படித்தார்கள். வேம்பு இந்தக் குளிரில் சரியாக வளராது, அம்மன் திருவிழாவுக்கே கீழ்நாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. அதனால் இந்த மலையில் என்ன முளைக்கிறதோ அதைப் பார்த்தார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பெண்களிடம் கேட்டார்கள். மரமஞ்சளை நம்மில் பலர் இன்றைக்கும் வெனிவெல் என்றுதான் சொல்கிறோம், அது அப்படி வந்த பெயர். இந்த அறிவை யாரும் கேலி செய்ய நாம் விடமாட்டோம்.

ஆனால் இப்போது வேறொரு கூட்டம் இதைப் புகழத் தொடங்கியிருக்கிறது. கூட்டமொன்றில் ஓர் அதிகாரி நம் பெண்களைப் பார்த்து, "உங்களிடம் நல்ல நாட்டு வைத்தியம் இருக்கிறதே, தொட்டதற்கெல்லாம் டிஸ்பென்சரிக்கு ஓடி ஏன் வேலையைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டார். சிலர் கைகூடத் தட்டினார்கள். நமக்கு வயிறு எரிந்தது. டிஸ்பென்சரி பூட்டிக் கிடக்கிற நாளில்தான் இவர்களுக்கு நம் பாட்டியின் மேல் பாசம் பொங்குகிறது.

குளவி கொட்டினால் எந்த இலையை அரைத்துப் பூசுவது? ஒன்றிரண்டு கொட்டினால் சுண்ணாம்பு தடவிவிட்டுக் கொழுந்து எடுக்கிறவர்கள்தான் நாம். கூடு கலைந்து உடம்பெல்லாம் கொட்டி, மூச்சு அடைத்து, முகம் வீங்கிப்போனால் தேவை ஊசி. அதுவும் உடனே. நமக்குத் தெரிந்த ஒரு தாயைக் கொழுந்து லொறியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பூட்டு. டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் குண்டும் குழியுமான ரோடு. அவள் பிழைத்தது வேப்பிலைக்காரியின் புண்ணியம் என்று வீட்டார் சொன்னார்கள். நிர்வாகத்தின் புண்ணியம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

தோட்டத்து ஆட்களுக்கு வைத்திய வசதி செய்து கொடுக்கும் பொறுப்பு தோட்டத்துக்கு உண்டு என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1912இல் கட்டளைச் சட்டம் போட்டார்கள். நம் மேல் கொண்ட அன்பினால் அல்ல, ஆள் செத்தால் கொழுந்து எடுக்க யார் என்ற கணக்கு. அந்தக் கணக்குக்கூட இன்றைக்குச் சிலருக்குத் தெரியவில்லை.

நம் ஆட்களிடமும் ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துக்கொண்டே ஒரு கிழமையைக் கடத்துகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்பதுதான் உண்மையான காரணம், கீழாநெல்லி மேல் உள்ள நம்பிக்கை அல்ல. சம்பளம் போகும் என்ற பயத்துக்குப் பாரம்பரியம் என்று பெயர் வைக்காதீர்கள்.

சரி, அந்த வைத்தியமாவது மிஞ்ச விடுகிறார்களா? வடமத்திய மாகாண விவசாயிகளின் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தில் 2015இல் கிளைபோசேட்டை நாடு முழுவதும் தடை செய்தார்கள். 2018இல் அந்தத் தடையைத் தளர்த்தியபோது எந்தப் பயிருக்குத் தெரியுமா? தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும். வயல்காரனுக்கு ஆகாது என்று வைத்திருந்தது நமக்கு மட்டும் ஆகுமாம்! மற்றப் பயிர்களுக்கு விட்டது 2022இல். முதுகில் தொட்டியைச் சுமந்து, கையுறையும் இல்லாமல் முகமூடியும் இல்லாமல் அடிக்கிறவன் நம் தம்பி. அதே கானில் வல்லாரை பிடுங்குகிறவள் அவன் மகள்.

புல்லுவெட்ட ஆள் இல்லை என்று நிர்வாகம் சொல்லும். ஆள் ஏன் இல்லை என்பதை அவர்கள் தரும் சம்பளத்திடம் கேட்கட்டும். நாம் மலை முழுவதும் அடிக்காதே என்று இன்றைக்குக் கேட்கவில்லை. லயம், பாடசாலை, பிள்ளைக்காம்பரா, பீலித் தண்ணீர் வரும் கான், இவற்றின் ஓரத்தில் அடிக்காதே. அடிக்கப்போகும் மலையின் நம்பரை முதல் நாளே பிரட்டுக்களத்தில் சொல். அடிக்கிறவனுக்குக் கையுறையும் முகமூடியும் கொடு. டிஸ்பென்சரியை வேலை நாளெல்லாம் திற, அவசரத்துக்கு ஒரு வாகனம் நிறுத்து. வீட்டுக்குக் காணி என்று பேசுகிறவர்கள் அதை உறுதிப்பத்திரத்தோடு கொடுத்தால், வல்லாரையைக் கானில் தேட வேண்டிய அவசியமே நமக்கு வராது. லயத்து வாசலில் பழைய டின்னில் கற்பூரவள்ளி வளர்ப்பது நமக்கு ஆசையா என்ன? மண் இல்லை.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தலைவர்மார் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு ஆதாரம் தேவை. வீட்டில் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, எந்த மலையில் எந்தத் திகதி மருந்தடித்தார்கள், டிஸ்பென்சரி எந்தெந்த நாள் பூட்டியிருந்தது என்று எழுதி வையுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள், எழுதும். மாதக் கடைசியில் கொப்பிகளை மாதர் சங்கத் தலைவிமாரிடம் சேர்த்துவிடுங்கள்.